பழைய பேய்ப் படங்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய திகில் படம் பாத்தப்ப உங்களுக்கு என்ன தோணிச்சோ அத எழுதுங்க, கேள்வி இருந்தா கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி பக்கத்துல இருந்துதான் ஜாஸ்தி கடிதம் வந்திருக்கு, அதனால இந்தத் தடவ நம்ம பழைய வடார்க்காடு ஆளுங்களோட கேள்வி ஒண்டி எடுத்துக்கினேன்.

கே: அக்கா, நான் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன். ஃப்ரெண்ட்ஸோட சேந்து 'தி எக்சார்சிஸ்ட்' பாத்தேன். மேக்கப்ப பாத்துட்டு எல்லாரும் சிரிச்சிக்கினே இருந்தாங்க, தலை பின்னாடி திரும்புற சீனுக்கு கை வேற தட்டினாங்க. எனக்கு ஒண்டி உள்ளுக்குள்ள நடுங்கிச்சு. நான் அவ்ளோ பயந்தாங்கொள்ளியா?
— கல்லூரி மாணவி, காட்பாடி

ப: இல்லம்மா, நீ படத்த காதால பாத்திருக்க, அவங்க கண்ணால ஒண்டி பாத்திருக்காங்க. 1973ல வந்த படம், மேக்கப் பழசாத்தான் தெரியும், அத யாராலயும் தடுக்க முடியாது. ஆனா அந்தக் குரல் இன்னும் பழசாகல. பேய் புடிச்ச பொண்ணா நடிச்சது லிண்டா பிளேர், உள்ள இருந்து பேசற பேயோட குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ்னு வேற ஒரு நடிகையோடது, ரேடியோ நாடகத்துல பேர் வாங்கினவங்க. பச்ச முட்டைய முழுங்கி, சிகரெட் புடிச்சு, தொண்டைய அறுத்துக்கினுதான் அந்தக் குரல கொண்டு வந்தாங்க, அப்படி உழைச்சவங்க பேர ஆரம்பத்துல டைட்டில்ல கூட போடல, இது எனக்கு இன்னிக்கும் ஆத்தாத கோவம். ஒலிக்காக அந்தப் படம் ஆஸ்கார் வாங்கிச்சு, அது நியாயம். அந்த பெட்ரூம் செட்டையே நெஜமா உறையுற அளவுக்கு குளிர வச்சு எடுத்தாங்க, வாயில இருந்து புகையா மூச்சு வருதே அது நெஜ மூச்சு, நம்ம ஊர் மே மாச வெயில்ல ஃபேன் கூட இல்லாம உக்காந்து பாத்தாலும் அந்த ரூம் நமக்கு ஜில்லுன்னுதான் இருக்கும்.

இன்னொண்ணு சொல்றேன். எனக்கு அந்தப் படத்துல தொண்டைய அடைக்கிறது பேய் சீன்ல இல்ல, அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில அந்தப் பொண்ண மெஷினுக்கு கீழ படுக்க வச்சு டெஸ்ட் எடுக்குறாங்களே அந்த சீன்லதான். மெஷின் போடுற சத்தம் இருக்கே, டமார் டமார்னு, வெளிய அவங்கம்மா ஒவ்வொரு டாக்டர் மூஞ்சியா பாத்துக்கினு நிப்பாங்க, ஒருத்தருக்கும் என்னன்னு தெரியாது. கையில ஃபைல வச்சிக்கினு பாஷை தெரியாத ஊர்ல வந்து நிக்குற அம்மாங்கள வேலூர்ல நாம தெனம் பாக்குறோம். அந்த அம்மாவ எனக்குத் தெரியும்னு தோணும். அதுக்கப்புறம் பேய் வந்தா எப்படி சிரிக்க முடியும்?

கே: அம்மா, நான் தறி நெய்து ஓய்ஞ்சவன். சின்ன வயசுல கொட்டாய்ல மணல்ல உக்காந்து 'யார் நீ' பாத்தோம். 'நானே வருவேன்' பாட்ட ரேடியோல போட்டா இப்பவும் மயிர்க்கூச்செறியுது. இப்ப வர்ற பேய்ங்க ஏன்மா பாடறதில்ல?
— குடியாத்தம் வாசகர்

ப: ஐயா வணக்கம். உங்க கடிதத்த வீட்ல சத்தமா படிச்சேன், எங்கம்மா உடனே அந்தப் பாட்ட முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டாங்க. 'யார் நீ' 1966ல வந்தது, ஜெய்சங்கர், ஜெயலலிதா, மியூசிக் வேதா, பாடினது சுசீலாம்மா. இந்தில 1964ல வந்த 'வோ கௌன் தி' படத்தோட தமிழ் அது, மெட்டும் அங்க மதன்மோகன் போட்டதுதான். ஆனா இந்த வம்சத்துக்கு பெரிய பாட்டி யாருன்னா 1949ல வந்த 'மஹல்'. மதுபாலா ஊஞ்சல் ஆடுற படம். அதுல 'ஆயேகா ஆனேவாலா' பாட்ட ரெக்கார்ட் பண்றப்ப லதா மங்கேஷ்கர மைக்குக்கு தூரமா நிக்க வச்சு, பாடிக்கினே மெல்ல நடந்து மைக் கிட்ட வரச் சொல்லியிருக்காங்க, தூரத்துல இருந்து யாரோ நம்மள நோக்கி வர்ற மாதிரி கேக்கணும்னு. இன்னிக்கு இருக்குற மெஷின் எதுவும் அப்ப இல்ல. ஒரு மனுஷி நடந்து வந்தாங்க, பயம் வந்திடுச்சு.

பேய் பாடறதுல என்ன விசேஷம்னா, குரல் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு ஹீரோவுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. அவர் தேடிக்கினு போறப்ப நாமளும் கூடவே போறோம், ஒரு பாட்டு முடியற வரைக்கும் பொறுத்துதான் ஆகணும். இப்ப அந்தப் பொறும இல்ல, திடீர்னு ஒரு மூஞ்சிய காட்டி காது கிழியற மாதிரி சத்தம் போட்டுட்டு அடுத்த சீனுக்கு ஓடிடறாங்க. உடம்பு தூக்கிப் போடும், ஒத்துக்கறேன், ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் அது நம்ம கூட வர்றதில்ல. உங்க கூட அந்தப் பாட்டு இத்தன வருஷமா வந்துக்கினே இருக்கு பாருங்க.

அப்புறம் ஐயா, 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) திரும்ப ஒரு தடவ பாருங்க. நம்பியார் பழுத்த கிழவரா வருவார், அந்தக் கண்ண பாத்தா எனக்கு இப்பவும் சேர்ல காலத் தூக்கி வச்சிக்கணும்னு இருக்கும். கேமரா வின்சென்ட். அவரே அடுத்த வருஷம் மலையாளத்துல 'பார்கவி நிலையம்'னு ஒரு பேய்ப் படத்த டைரக்ட் பண்ணாரு, அத பத்தி கீழ வருது.

கே: நான் தோல் ஃபேக்டரில ஷிஃப்ட் வேல. வீட்டுக்கு வந்து ரத்தம், கிழிஞ்ச சத இதெல்லாம் பாக்க மனசு வரல, ஆனா பயப்படணும்னு ஆசை இருக்கு. ரத்தம் இல்லாத படம் சொல்லுங்க மேடம்.
— ராணிப்பேட்டை வாசகர்

ப: உங்களுக்காகவே எடுத்த படங்க இருக்கு. 1942ல வந்த 'கேட் பீப்பிள்'. ராத்திரி, ஆளில்லாத ரோடு, ஒரு பொண்ணு தனியா நடந்து போறா, பின்னாடி இன்னொருத்தியோட செருப்பு சத்தம். டக் டக் டக். கொஞ்ச நேரத்துல பின்னாடி வந்த சத்தம் நின்னு போயிடும். இவ ஓட ஆரம்பிப்பா, நமக்கு மூச்சு நின்னு போய் பாயப் போகுதுன்னு இருக்குற அந்த செகண்ட்ல சீறுற மாதிரி ஒரு சத்தம், பாத்தா பஸ்ஸு வந்து பிரேக் போட்டு நிக்குது. அவ்ளோதான் சீன். தயாரிப்பாளர் வால் லூட்டன் பேர வச்சு இந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்'னு இன்னிக்கும் சொல்றாங்க. இந்தப் படம் பாத்ததுல இருந்து ராத்திரி நேரத்துல பஸ் ஸ்டாண்டுல காத்து பிரேக் புஸ்ஸுங்கறப்ப எல்லாம் நான் திரும்பிப் பாக்குறேன், இன்னும் போகல அது.

அடுத்து ராபர்ட் வைஸ் எடுத்த 'தி ஹாண்டிங்' (1963). பேய ஒரு சீன்ல கூட காட்ட மாட்டாங்க. கதவ யாரோ வெளிய இருந்து இடிப்பாங்க, அந்த மரக் கதவு மெல்ல உள்பக்கமா உப்பும். அவ்ளோ பெரிய பயத்த ஒரு கதவ வச்சு காட்டினவங்கள கையெடுத்துக் கும்பிடணும்னு தோணிச்சு எனக்கு.

தமிழ்ல வேணும்னா எஸ்.பாலசந்தர். 'அந்த நாள்' (1954) பேய்ப் படம் கிடையாது, கொலை விசாரணைதான், ஒரு பாட்டு கூட இல்லாம எடுத்தாரு. 'நடு இரவில்' (1970) நிச்சயமா பாருங்க, தனியா நிக்குற வீடு, உள்ள ஒவ்வொருத்தரா சாவாங்க. பெரிய வீணை வித்வான் அவரு, எங்க வாசிக்கணும் எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச கை, அது படத்துல தெரியுது.

'சைக்கோ' (1960) பாக்கலாமான்னு யோசிப்பீங்க. குளியலறை சீன்ல ரத்தம் இருக்கு, ஆனா கருப்பு வெள்ளை, அது சாக்லேட் சிரப்தான். முதல்ல அந்த சீனுக்கு மியூசிக்கே வேணாம்னு ஹிட்ச்காக் சொல்லியிருந்தாரு, பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியத்த ஒண்டி வச்சு போட்டுக் காட்டினதும் மனச மாத்திக்கினாரு. அந்த மியூசிக் இல்லாம ஓட விட்டுப் பாருங்க, பாதி பயம் போயிடும்.

கே: அக்கா, பழைய படத்துல பேய்னாலே ஏன் பொம்பளதான்? வெள்ள சேல, விரிச்ச தலமுடி. பாக்குறப்ப பயத்த விட கஷ்டமா இருக்கு எனக்கு.
— இல்லத்தரசி, ஆரணி

ப: எனக்கும் அப்படித்தான்மா. 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) பாத்தப்ப ரொம்ப கஷ்டமா இருந்திச்சு. செத்துப் போன ஒரு பொண்ணோட ஆவி லதா உடம்புல புகுந்துக்கும், கூடப்பொறந்தவரா வர்ற ரஜினி அத கண்டுபுடிச்சு விரட்டப் பாப்பாரு. மலையாளத்துல நடிகை ஷீலா டைரக்ட் பண்ண 'யக்ஷகானம்' படத்தோட தமிழ் இது. எல்லாரும் லதாவ காப்பாத்தணும்னு நெனைக்கிறப்ப என் மனசு அந்த ஆவி பக்கம் போயிடுது, வாழ ஆசப்பட்டவ, வாழ விடல, இன்னிக்கு அவளயே எல்லாரும் சேந்து விரட்டறாங்க. உயிரோட இருந்தப்ப அவ பேச்ச யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, செத்தப்புறம்தான் ஊரே கேக்குது.

நம்ம பக்கத்துல இது சினிமாவுக்கு முன்னாடியே இருக்கு. குடியாத்தத்துல வைகாசி மாசம் ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருதே, அது ரேணுகா கதைதானே. புருஷன் சொன்னாருன்னு பெத்த புள்ளையே தலைய வெட்டின ஒரு அம்மா. அந்தத் தலைய ஊரே தோள்ல சுமந்து, கொண்டு போய் உடம்போட சேக்குறாங்க. தப்பு நடந்த பொண்ண நம்ம ஊர்ல கும்பிட்டாங்க, சினிமாக்காரங்க பேயாக்கினாங்க, எனக்கு ஊர்க்காரங்க பண்ணதுதான் புடிச்சிருக்கு.

'மணிச்சித்ரதாழ்' (1993) ஒண்டி இதுல கொஞ்சம் கருணையோட நடந்துக்கிச்சு, அங்க விரட்டறத விட குணப்படுத்தறதுதான் பெருசு. அதுல வர்ற 'பழந்தமிழ் பாட்டிழையும்' ஆஹிரி ராகம். ஆஹிரி பாடினா அன்னிக்கு சோறு கிடைக்காதுன்னு சங்கீதக்காரங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு, அந்த ராகத்தப் போய் எடுத்திருக்காரு எம்.ஜி.ராதாகிருஷ்ணன்.

கே: விட்டலாச்சார்யா படத்த என் பேரப் புள்ளைங்களுக்கு காட்டலாமா?
— வாலாஜா வாசகி

ப: தாராளமா காட்டுங்கம்மா. 'ஜெகன்மோகினி'ல ஆரம்பிங்க. கால அடுப்புல விறகா வச்சு சமைக்குற பேய பாத்தா புள்ளைங்க துள்ளும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கேமராலயே பண்ண வித்தைங்க, அதையும் சொல்லிக் குடுங்க.

கே: மயானக் கொள்ளைய பாத்து வளந்தவங்க நாம. பாலாத்துல காளி வேஷத்தையும் பேய் வேஷத்தையும் நேர்ல பாத்தவனுக்கு சினிமா பேய் எல்லாம் பயமா?
— சைதாப்பேட்டை வாசகர், வேலூர்

ப: எனக்கு பயம்தான், அதுவும் மயானக் கொள்ளைய பாத்ததாலயே கூடுதலா பயம். மகா சிவராத்திரி முடிஞ்ச அமாவாசைக்கு அங்காளம்மன் ஆத்துக்குப் போறப்ப முதல்ல நமக்கு வர்றது உருவமா? பம்பையும் உடுக்கையும்தான் தெருமுனைல இருந்து வரும். வாசல்ல நிக்குற நமக்கு வயித்துல ஏதோ பண்ண ஆரம்பிச்சிடும், அம்மன் இன்னும் கண்ணுக்கே தெரியல. ஆனா அங்க கூட்டம் இருக்கு, பகல் வெளிச்சம் இருக்கு, ஜெயிக்கப் போறது அம்மாதான்னு எல்லாருக்கும் தெரியும். சினிமால இருட்டுல தனியா உக்காந்திருக்கோம், யார் ஜெயிப்பாங்கன்னு தெரியாது.

தெருக்கூத்தையும் யோசிச்சுப் பாருங்க. துரியோதனனோ இரணியனோ நேரா வந்து நிக்க மாட்டாங்க. ரெண்டு பேர் ஒரு துணிய புடிச்சிக்கினு வருவாங்க, பின்னாடி இருந்து குரல் வரும், சலங்கை சத்தம் வரும், துணிக்கு மேல கிரீடம் கொஞ்சமா ஆடும், பாட்டு பாடி நம்மள நல்லா காக்க வச்சிட்டுத்தான் துணி விலகும். 'தி ஹாண்டிங்' கதவு பண்ற அதே வேலைய நம்ம வடார்க்காட்டுக் கூத்துக்காரங்க ஒரு துண்டுத் துணிய வச்சு பண்ணிட்டாங்க. அந்தக் கதவ நான் முதல்ல பாத்தப்ப எனக்கு கூத்துத் திரைதான் ஞாபகம் வந்திச்சு. அதனால நம்ம ஊர் ஆளுங்களுக்கு பழைய திகில் படம் சட்டுன்னு புடிபடும்னு நான் நம்புறேன்.

கே: சத்தமே வைக்காம பாக்குறேன், அப்பவும் தூக்கம் வரல மேடம். வீட்ல திட்டறாங்க. விட்டுடலாமா?
— சத்துவாச்சாரி வாசகர்

ப: விடாதீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆரம்பிக்காதீங்க, ஹெட்ஃபோன் போடாதீங்க, காதுக்குள்ள வந்துட்டா வெளிய அனுப்பறது கஷ்டம். சத்தமே வைக்காம பாக்குறேன்னு எழுதியிருக்கீங்க, அப்படி பாக்குறதுக்கு பாக்காமயே இருக்கலாம்.

நான் சொல்ற மருந்து 'பார்கவி நிலையம்' (1964). வைக்கம் முகமது பஷீர் தன்னோட கதைக்கு தானே திரைக்கதை எழுதினது. பேய் இருக்குற வீட்ல வாடகைக்கு வர்ற எழுத்தாளரா மது நடிச்சிருப்பாரு. அவரு பேய விரட்ட மாட்டாரு, ஓடவும் மாட்டாரு, வந்ததுல இருந்து அவகிட்ட பேச ஆரம்பிச்சிடுவாரு, நான் எழுதப் போறேன், உன் கதையத்தான் எழுதறேன்னு. பயம் இருக்கும், ஆனா மரியாதையும் இருக்கும். அதப் பாத்துட்டு நான் நல்லா தூங்கினேன். சப்டைட்டில் கிடைக்கலன்னாலும் பரவால்ல, மலையாளம் நமக்கு பாதி புரிஞ்சிடும், மீதிய மது முகத்த பாத்தே தெரிஞ்சிக்கலாம்.