இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கிலிருந்து முதலீட்டாளர் உறவு வேலைக்கு: அழைப்பே வரவில்லை என்றால்

ஒரு கம்பனியின் நிலையைப் பங்குதாரர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் விளக்குவதுதான் முதலீட்டாளர் உறவு வேலை. அதற்கு மாற சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான தொழில்முறைத் தகுதி) முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்கு வருட அனுபவத்தோடு விண்ணப்பித்தும் ஒரு நேர்முகத்துக்குக்கூட அழைக்கவில்லை என்றால், தடை பெரும்பாலும் சீவியில்தான். முடித்த டீல்களையும் கட்டிய நிதி மாடல்களையும் அடுக்கியிருப்பீர்கள். கம்பனிகள் தேடுவது, பங்குதாரர் கேட்கும் சங்கடமான கேள்விக்கு நேராகப் பதில் எழுதத் தெரிந்த ஆளை.

இதைச் செய்து பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில், நீங்கள் குறிவைத்த கம்பனியின் கடைசிக் காலாண்டு அறிக்கையை எடுங்கள். விற்பனை கூடியும் இலாபம் குறைந்திருந்தால் ஏன்? வட்டிச் செலவா, நாணய மாற்று நட்டமா? ஒரு ஃபண்ட் மேனேஜர் (பிறர் பணத்தை முதலிட்டு நிர்வகிப்பவர்) கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளையும் பதில்களையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எண்ணையே திருப்பிச் சொல்லாமல் காரணம் சொல்ல வருகிறதா? வந்தால் அந்தப் பக்கத்தையே விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

அப்புறம், இலங்கையில் பல கம்பனிகளில் முதலீட்டாளர் உறவுக்கென்று தனிப் பதவியே இருக்காது. நிதிப் பிரிவில் யாரோ ஒருவர் சேர்த்துப் பார்ப்பார். விளம்பரத்துக்குக் காத்திராமல், ஆண்டறிக்கையில் முதலீட்டாளர் தொடர்புக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அவருக்கே எழுதுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் தகவல் ஒரு வரிகூட அந்தப் பக்கத்தில் வரக்கூடாது. சந்தைக்கு அறிவிக்காததை வெளியே சொல்லாதவர் என்ற நம்பிக்கையில்தான் இந்த வேலையையே தருகிறார்கள்.