நைட் வாட்ச்மேன் அடித்த இரட்டைச் சதம்

கே: தன் கடைசி டெஸ்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இரட்டைச் சதம் அடித்தார் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். கதை விடுகிறாரா, சார்? (வாசகி, தேனி)

ப: அப்பா சொல்வது நிஜம். ஆஸ்திரேலியாவின் ஜேசன் கில்லெஸ்பிதான் அந்த ஆள். 2006 ஏப்ரலில் சிட்டகாங்கில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்ட். முதல் நாள் பந்து வீசி 11 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். அன்று சாயங்காலமே தொடக்க ஆட்டக்காரர் ஹேடன் ரன் அவுட்டாக, கேப்டன் பாண்டிங்கைக் காப்பாற்ற இவரை நைட் வாட்ச்மேனாக (நாள் முடியும் நேரத்தில் நல்ல பேட்ஸ்மேன் அவுட் ஆகாமலிருக்க, அவருக்குப் பதிலாக முன்னால் அனுப்பப்படும் பந்து வீச்சாளர்) அனுப்பினார்கள். வாட்ச்மேன் விடிந்ததும் வீட்டுக்குப் போகவேண்டும், இல்லையா? இவர் போகவில்லை. நடுவில் மழை வேறு. பேட்ஸ்மேன் ஹஸ்ஸியோடு சேர்ந்து 320 ரன் கூட்டணி. நான்காம் நாள் 200ஐத் தொட்டார். அன்று அவருக்கு 31வது பிறந்தநாள். 425 பந்தில் 201, அவுட் இல்லை. அதற்கு முன் டெஸ்டில் அவருடைய அதிகபட்சம் 54!

கே: அப்படி அடித்தவரை ஏன் அப்புறம் சேர்க்கவே இல்லை? (வாசகர், விருதுநகர்)

ப: அவர் வேலை பேட்டிங் இல்லையே! 2005இல் இங்கிலாந்தோடு நடந்த ஆஷஸ் தொடரில் மூன்று டெஸ்டில் மூன்றே விக்கெட், ஒவ்வொன்றுக்கும் 100 ரன். வேகம் குறைந்துவிட்டது. அணியிலிருந்து தூக்கினார்கள். வங்கதேசத்துக்குத் திரும்ப அழைத்தார்கள், ஆனால் அடுத்த ஆஷஸுக்கு இளைஞர்கள் வந்துவிட்டார்கள். 71 டெஸ்ட், 259 விக்கெட். பெரிய வேகப்பந்து வீச்சாளரான மெக்ராத்துக்கு மறுமுனையில் வீசியதால் அந்த 259ஐ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1997இல் லீட்ஸில் 37 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் 201 தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கே: ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வாவின் மூக்கை உடைத்தது இவர்தானா? (வாசகர், திருச்சி)

ப: ஆமாம், தன் காலையும் சேர்த்து. 1999, இலங்கையின் கண்டியில் டெஸ்ட். இலங்கையின் ஜயவர்தனே ஸ்வீப் ஆடிய பந்து மேலே எழும்ப, கேட்சுக்கு இருவரும் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து மோதிக்கொண்டார்கள். கில்லெஸ்பி மீண்டும் டெஸ்ட் ஆட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கேட்ச்? அதுவும் போச்சு.

கே: அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? (வாசகர், தாம்பரம்)

ப: பார்த்து நொந்திருக்கிறேன். 2004 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கம், இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட். முந்தின நாள் நைட் வாட்ச்மேனாக வந்தவர் காலையில் டேமியன் மார்ட்டினோடு நின்றார். கும்ப்ளே, ஹர்பஜன் இருவரும் சுழற்றுகிறார்கள். இவர் நீளமான இடதுகாலை எடுத்து வைத்து, மட்டையையும் பேடையும் ஒட்டிவைத்து, பந்தைச் செத்த எலி மாதிரி காலடியில் போடுகிறார். திரும்பத் திரும்ப அதே. பின்னந்தலையில் தொங்கும் முடி மட்டும்தான் ஆடியது. பக்கத்தில் இருந்த பெரியவர், "யாராவது இவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கப்பா" என்றார். நான் இரண்டு பாக்கெட் கடலை முடித்துவிட்டேன், ஆள் அசையவில்லை. 165 பந்தில் 26 ரன். அதற்குள் மார்ட்டின் சதம் போட்டுவிட்டார். இருவரும் சேர்ந்து 139.

அடுத்த டெஸ்ட் நாக்பூரில், வேகப்பந்துக்கு ஏற்ற பச்சைப் புல் ஆடுகளம். அங்கே தன் சொந்த வேலையைச் செய்தார்: 56 ரன்னுக்கு 5 விக்கெட், 24 ரன்னுக்கு 4 விக்கெட். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியா இந்தியாவில் தொடரை வென்றது.

சென்னைக்கே திரும்புவோம். அங்கே நமக்கு இலக்கு 229. ஞாயிறு மாலை விக்கெட் போகாமல் 19. ஷேவாக் களத்தில். மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, குடையோடு வாலாஜா சாலையில் போய் நின்றேன். மழை விடவே இல்லை.