அரசு அட்டை இருக்கும்போது பெற்றோருக்குத் தனியார் பாலிசியும் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு 63, முழங்கால் தேய்மானம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. "அதை நம்பாதீங்க, தனியார் பாலிசி எடுங்க" என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: கையில் பணம் இருந்தால் எடுங்கள். ஆனால் அட்டையை ஓரங்கட்டிவிட வேண்டாம். ஏஜென்ட் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டுவரை தனியார் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். மூட்டு மாற்று, கண்புரை போன்றவற்றுக்கும் பெரும்பாலும் 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதாவது அப்பாவின் இதயத்துக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் இப்போதைக்கு உதவப்போவது அரசு அட்டைதான். அதில் காத்திருப்பே கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை.

அட்டைக்கும் குறை உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் செல்லும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை, இன்சுலின் எல்லாம் உங்கள் செலவு. ஒரே மருத்துவமனை இதய சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கும், மூட்டு மாற்றுக்கு இருக்காது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மருத்துவமனைகளின் காப்பீட்டு கவுன்ட்டரில், எந்தெந்த சிகிச்சைக்கு அட்டையை ஏற்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். ஆம்புலன்ஸில் இருந்துகொண்டு விசாரிக்க முடியாது.

சரி, தனியார் பாலிசியில் என்ன பார்ப்பது? பிரீமியத்தைவிட முக்கியம் இரண்டு: அறை வாடகை வரம்பும் கோ-பேயும் (செலவில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு). வரம்பு நாளுக்கு 4,000 என்று வையுங்கள், நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். வாடகையில் மட்டும் வெட்டு விழும் என்று நினைப்போம். அப்படியல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும் (மருந்துக்கும் ஸ்டென்ட் போன்ற உபகரணங்களுக்கும் இந்தக் கழிவு கூடாது). அந்த வகையில் 1,20,000 ஆகியிருந்தால் 60,000 தான் கணக்கில் வரும். அதிலும் 20 சதவீதக் கோ-பே இருந்தால் கைக்கு 48,000. மூத்த குடிமக்களுக்கென்றே விற்கும் பாலிசிகளில் இந்த இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம். இரண்டும் இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவது மேல்.

விலையைப் பொறுத்தவரை இப்போது நிலைமை பரவாயில்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐயைக் கலந்து பேசாமல் மூத்தோர் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் கூடாது.

அப்பாவுக்கு 70 ஆனதும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை பற்றி விசாரியுங்கள். 2024 அக்டோபரில் வந்தது. வருமான வரம்பு கிடையாது, தனியார் பாலிசி வைத்திருந்தாலும் தடையில்லை. உங்கள் ஊரில் எந்த மருத்துவமனை ஏற்கிறது என்பதை 14555-ல் கேட்கலாம்.

அப்புறம், விண்ணப்பத்தில் ஸ்டென்ட்டையும் சர்க்கரையையும் கட்டாயம் எழுதுங்கள். "அதெல்லாம் போட வேண்டாம் சார்" என்று ஏஜென்ட் சொன்னால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன், நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். அதில் பெரும்பாலும் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும்.