செர்ரிப் பூவும் டிக்கெட் தேதியும்

அன்புள்ள சார்,

வணக்கம். செர்ரிப் பூ பார்க்க நீங்கள் ஜப்பான் போனதைப் பற்றி எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். அம்மாவுக்கு வயது 67, முழங்கால் வலி உண்டு. எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். மார்ச் 28-இல் கிளம்புவதா, ஏப்ரல் 5-இல் கிளம்புவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. இணையத்தில் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள். டிக்கெட்டை இப்போதே எடுத்தால்தான் கட்டுப்படியாகும். இவ்வளவு செலவழித்துப் போய்ப் பூவைப் பார்க்காமல் திரும்பினால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? அம்மா கேட்கச் சொன்னது ஒன்று: அந்தப் பூவுக்கு வாசம் உண்டா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

ஏப்ரல் 5-க்கு எடுங்கள். தயங்க வேண்டாம்.

2024-இல் நான் மார்ச் 18 அன்று டோக்கியோவில் இறங்கினேன். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே மார்ச் 14-ஆம் தேதியே பூத்துவிட்டது. அதை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன். ஆனால் அந்த மார்ச்சில் குளிர் விடவே இல்லை. தினமும் காலையில் சிதோரிகாஃபுச்சி அகழிக்கரைக்குப் போய் மொட்டுகளைப் பார்ப்பேன். பச்சை நுனி மெல்லச் சிவந்தது, அவ்வளவுதான். 27-ஆம் தேதி விமானம் ஏறிவிட்டேன். 29-ஆம் தேதி பூத்ததாக அறிவித்தார்கள். இரண்டே நாள்! இன்றைக்கும் நெஞ்சில் உறுத்துகிறது.

அந்தக் கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் யாசுகுனி ஆலயம். அதன் வளாகத்தில் நிற்கும் ஒரு மரம்தான் டோக்கியோவுக்கு அளவுகோல். வானிலை முகமை ஊழியர் வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் ஊர் பூத்துவிட்டது என்று பொருள். எண்பது சதவீதம் விரிந்தால் முழு மலர்ச்சி. அதற்கு ஒரு வாரம் போல ஆகும். அதன்பின் இன்னொரு வாரம் நிற்கும், காற்றும் மழையும் விட்டுவைத்தால்.

நாம் படத்தில் பார்க்கிற செர்ரி பெரும்பாலும் சோமெய் யோஷினோ என்ற ஒரே வகை. விதை போட்டு வளர்த்ததில்லை, ஒட்டுக் கட்டியே நாடெங்கும் பரப்பினார்கள். எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல் என்பதால்தான் ஊர் முழுக்க ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுகிறது. முந்திப் போய்விட்டால் தெற்கே ஓடித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். போன கோடையிலேயே உருவான மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்துக் கடுங்குளிர் பட்டால்தான் அது விழிக்கும், பிறகு வெயில் அதை வளர்க்கும். குளிர் போதாத ஆண்டுகளில் தெற்கே இருக்கும் ககோஷிமா டோக்கியோவுக்குப் பின்னால் பூப்பதும் உண்டு.

பிந்திப் போனவருக்கு அப்படியில்லை. மேலே மலை இருக்கிறது, பின்னால் பூக்கும் வகைகள் இருக்கின்றன. அதனால் தேதியைப் பிந்தி வைத்துக்கொண்டு, எந்த இடம் என்பதை அங்கே போய் முடிவு செய்யுங்கள்.

ஒசாகாவில் இறங்கி அங்கேயே தங்கிவிடுங்கள். இந்தப் பருவத்தில் கியோட்டோ விடுதிகளின் வாடகை கண்ணைக் கட்டும். ரயிலில் அரை மணி நேரம்தான், போய்ப் போய் வரலாம். ரத்து செய்ய வசதியுள்ள அறையாக எடுங்கள். ஒருமுறை நுழைவதற்கான விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் அதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம்.

யோஷினோ மலைக்கு ஒரு முழு நாள் வையுங்கள். நாரா மாவட்டத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 30,000 மரங்கள். இங்கே பெரும்பாலும் யாமாசகுரா என்னும் மலைச்செர்ரி. நம் தல விருட்சம் போல அங்கே அது தெய்வத்துக்குரிய மரம். பக்தர்கள் தலைமுறை தலைமுறையாக நேர்ந்துகொண்டு நட்டது இந்த மலை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிறம், ஒரு நேரம். சிலது வெள்ளை, சிலது இளஞ்சிவப்பு, பூவோடு சேர்ந்தே செம்புநிறத் தளிரும் வரும். அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ‘ஆயிரம் மரம்’ என்கிறார்கள். பூ கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். நான் போன அன்று அடிவாரத்தில் பாதைமேல் இதழ் விரித்திருந்தது, நடுமலை முழுதாகப் பூத்திருந்தது, உச்சியில் மொட்டு. பருவத்தில் நடுமலைக்குப் பேருந்து ஓடும், அம்மா ஏற வேண்டியதில்லை. சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம்.

கியோட்டோவில் நின்னாஜி கோயிலை விட்டுவிடாதீர்கள். அங்குள்ள ஒமுரோ செர்ரி குள்ள மரம், கிளைகள் தரைக்குப் பக்கத்திலிருந்தே கிளம்பும், மற்றவை கொட்டிய பிறகு பூக்கும். அண்ணாந்து பார்க்க வேண்டாம், பூ அம்மாவின் முகத்துக்கு நேரே இருக்கும். ஒசாகாவில் நாணயம் அச்சடிக்கும் ஆலையின் ஆற்றோரப் பாதையை ஏப்ரலில் ஒரு வாரம் மட்டும் திறந்துவிடுவார்கள். அடுக்குச் செர்ரி வரிசை, சமதளம். முன்பதிவு வேண்டும்.

வெயில் முந்திய ஆண்டாக அமைந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கியோட்டோவில் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து நாட்குறிப்புகளில் பூத்த தேதி கிடைக்கிறது. 2021-இல் மார்ச் 26-லேயே முழு மலர்ச்சி. அதுவரை கிடைத்த பதிவுகளில் அதுதான் ஆக முந்தியது. அப்படிப்பட்ட ஆண்டிலும் யோஷினோ உச்சியும் அடுக்குச் செர்ரியும் மிச்சமிருக்க வாய்ப்பு உண்டு.

அதோடு, கொட்டுகிற நாளைத் தவறிய நாள் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை போனபோது, ஏப்ரல் கடைசி வாரம், வடக்கே ஹிரோசாக்கி கோட்டை அகழியில் தண்ணீரே தெரியவில்லை. அடர்ந்த இளஞ்சிவப்புப் பாய். ‘பூத்தெப்பம்’ என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். ஒரு வாத்து நீந்திப் போனது, அதன் பின்னால் கறுப்பாக ஒரு கோடு விழுந்து, மெல்ல மூடிக்கொண்டது. கரையில் ஒரு முதிய மரம். அடிமரத்தின் கரடுமுரடான பட்டையிலிருந்து நேராக மூன்று பூ. ஒவ்வொரு இதழின் நுனியிலும் சின்னதாக ஒரு வெட்டு. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

ஸ்வெட்டர் அவசியம். பூக்காலத்தில் திடீரென்று வரும் குளிருக்கு அவர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். கிளையை வளைக்கவோ பறிக்கவோ கூடாது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உதிர்ந்ததை மடியில் ஏந்திக்கொள்ளலாம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சோமெய் யோஷினோவுக்கு வாசம் மிக மெலிது, நம் மல்லிகைக்குப் பழகிய மூக்குக்குத் தெரியாது. வாசம் இலையில் இருக்கிறது, அதுவும் ஒஷிமா செர்ரியின் இலையை உப்பில் ஊறப்போட்ட பிறகு. அந்த இலையில் சுற்றி ‘சகுரா மோச்சி’ என்று ஒரு பலகாரம் விற்பார்கள். ஒசாகா பக்கத்தில் அரிசிக் குருணையை வேகவைத்து, உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம் வைத்தது, கொழுக்கட்டைக்குத் தம்பி. இலையைப் பிரிக்குமுன் அம்மாவிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.