வாசகர் கேள்வி: மலையேறினால் அணையும் அம்பாசிடர்

கேள்வி: என்னுடையது 1978 அம்பாசிடர். பொறிக்கான கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டையும் அதன் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலெக்ட்ரானிக் இக்னிஷன் செட் மாட்டினேன். சேலத்துக்குள் குறையில்லை. ஏற்காடு ஏறும்போது பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் கிளம்புகிறது. அந்த செட்டின் மாட்யூல் (பாயிண்ட்டின் வேலையைச் செய்யும் சர்க்யூட்) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அவசரப்பட வேண்டாம். சூட்டில் வரும் கோளாறை ஆறின பிறகு ஷெட்டில் வைத்துப் பார்த்தால் எல்லாமே நல்லதாகத்தான் காட்டும். நின்ற இடத்திலேயே, சூடு இறங்குமுன் சோதியுங்கள். மல்டிமீட்டரும், பல்பு வைத்த 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பும் டிக்கியில் இருக்கட்டும்.

சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருக்கும் காயில் (12 வோல்ட்டைப் பொறிக்கான உயர் வோல்டேஜாக மாற்றும் பாகம்) வயரை உருவி, ரப்பர் பிடி போட்ட பிளேயரால் பிடித்து, என்ஜின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் பக்கம் வேண்டாம். நீலமாகச் சட்சட்டென்று பொறி பாய்ந்தால் காயிலிலும் மாட்யூலிலும் பழுதில்லை. பெட்ரோல் பம்பிலோ பைப்பிலோ சூட்டில் ஆவி அடைத்திருக்கலாம். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு மட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். பாய வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலையும் மாட்யூலையும் கெடுத்துவிடும்.

பொறி வரவில்லையா? டெஸ்ட் லேம்ப்பை பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் நெகட்டிவுக்கும் நடுவே கொடுத்து செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் மாட்யூல் வேலை செய்கிறது, காயிலைச் சந்தேகியுங்கள். வயரைக் கழற்றி, காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே ஓம் அளவெடுங்கள். நாலு சிலிண்டருக்கான இந்த செட்டுகள் பெரும்பாலும் 3 ஓம் காயில் கேட்கும். பேலஸ்ட் என்ற தனி ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய 1.5 ஓம் காயிலை அது இல்லாமல் நேரடியாகக் கொடுத்திருந்தால், 14 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 ஓமில் 5-க்குள் நிற்கும். முதல் கியர், இரண்டாம் கியரில் காற்றோட்டமில்லாமல் ஏறும்போது அந்தச் சூடு காயிலையும் மாட்யூலையும் சேர்த்தே வதைக்கும். உங்கள் அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

லேம்ப் மினுக்கவே இல்லையென்றாலும் மாட்யூலைக் குறை சொல்லுமுன் எர்த்தை (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பை) பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள், மாட்யூல் உட்காரும் பிளேட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் பாடியையும் இணைக்கும், துணி சுற்றிய சின்ன செம்பு வயர் ஒன்று உண்டு. பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் அந்தப் பிளேட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைந்து நிமிர்கிறது. வெளியே துணி முழுசாக இருக்கும், உள்ளே இழைகள் அற்றிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் அந்தப் பிளேட்டுக்கும் நடுவே மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மாட்யூலின் சிவப்பு வயரில் கீ போட்டதும் பேட்டரி வோல்டேஜ் முழுசாக வர வேண்டும். பேலஸ்ட்டுக்குப் பிறகு எடுத்திருந்தால் குறையும். இரண்டும் சரியாக இருந்தும் மினுக்கவில்லையென்றால் மாட்யூலை மாற்றுங்கள்.

என்ஜின் ஓடாதபோது கீயை ஆனில் விட்டு ரேடியோ கேட்கிற வழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சாதாரண செட்டுகளில் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: கழற்றிய பாயிண்ட் செட்டைத் தூக்கிப் போடலாமா?

பதில்: கூடாது. பாயிண்ட், கண்டென்சர், பாயிண்ட் இடைவெளி வைக்க 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் மூன்றையும் டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். வழியில் மாட்யூல் கைவிட்டால் மாட்டிக்கொள்ளலாம்.