சுரைப்பூ விரியும் நேரம்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. மன அமைதிக்கு ஏதாவது செய் என்று நண்பர்கள் சொன்னதால் சித்திரையில் மாடித்தோட்டம் ஆரம்பித்தேன். 20 க்ரோ பேக், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், பந்தல், சுற்றிலும் வலை என்று 11,400 ரூபாய் ஆனது. இதுவரை கிடைத்தது ஒன்றேகால் கிலோ கத்தரிக்காய், ஆறு வெண்டைக்காய், கொஞ்சம் கீரை. தக்காளியில் மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கிறது. மிளகாய் இலை சுருண்டுவிட்டது.

பெரிய வேதனை சுரைக்கொடிதான். தளதளவென்று ஓடுகிறது, வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. ஆனால் பிஞ்செல்லாம் கட்டைவிரல் அளவிலேயே மஞ்சளாகி விழுந்துவிடுகிறது (படங்கள் இணைத்துள்ளேன்). வீடியோ பார்த்து மோர்க்கரைசல், பஞ்சகவ்யம், வேப்ப எண்ணெய் எல்லாம் அடித்தாயிற்று. 3ஜி கட்டிங்கும் (கொடி நுனியைக் கிள்ளிக் கிள்ளி மூன்றாம் தலைமுறைக் கிளை விட வைப்பது) செய்தேன். என்ன மருந்து அடித்தால் பிஞ்சு நிற்கும்? காலையில் மாடிக்குப் போகவே பயமாக இருக்கிறது. இதில் எங்கே இருக்கிறது மன அமைதி? ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதானோ?

க.

அன்புள்ள க.,

பழமொழியை நீங்களே சொல்லிவிட்டீர்கள், எனக்கு ஒரு வேலை மிச்சம்.

முதலில் அந்தச் செலவுக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். கோயம்பேட்டு விலையோடு மோதி எந்த மொட்டைமாடியும் ஜெயித்ததில்லை. மாவுப்பூச்சியைப் பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். மிளகாய் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், குற்றவாளி அங்கேதான் குடியிருப்பான். சென்னையின் சித்திரை வெயிலில் சிமென்ட் தளத்தின் மேல் தொடங்கியதற்கு உங்களை வையலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதைச் சும்மா சொல்லிவைக்கவில்லை. சரி, அது போகட்டும்.

என்னைக் கிளப்பிவிட்டது அந்த 'மன அமைதி'தான். கொஞ்ச நாளாகவே இந்த வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நடந்தால் மன அமைதி, மீன்தொட்டி வைத்தால் மன அமைதி, இப்போது கத்தரிச்செடி தலையிலும் அதைக் கட்டியாயிற்று. தோட்டம் அமைதி தரும் என்று யார் சொன்னது உங்களுக்கு? தோட்டம் வைத்திருந்த ஒருவரையாவது நான் அமைதியாகப் பார்த்ததில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசல் ஒரு போர்க்களம். விடிந்ததும் ஆட்டை விரட்டுவாள், கோழியை வைவாள், அணிலுக்குச் சாபம் கொடுப்பாள். பிஞ்சை நோக்கி நான் விரல் நீட்டினால் கையில் பட்டென்று விழும். "மடக்கிக் காட்டுலே, அழுகிப் போகும்." நீங்கள் விதவிதமான கோணத்தில் பிஞ்சுகளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்களே, ஆச்சி இருந்திருந்தால் உங்கள் போன் தாமிரபரணியில் கிடக்கும்.

ஒரு வருஷம் ஆடியில் அவள் ஊன்றிய சுரை, வேலியைத் தாண்டி மேலவீட்டு அத்தையின் மாட்டுத்தொழுவத்து ஓலைக்கூரையில் ஏறிவிட்டது. ஏறியதோடு நில்லாமல் அங்கே போய் ஒரு காயும் காய்த்தது. குடம் மாதிரி காய். வினை அங்கே ஆரம்பித்தது. விதை என்னுது, தண்ணி என்னுது, சாணி என்னுது என்றாள் ஆச்சி. கூரை என்னுது என்றாள் அத்தை. அத்தோடு பேச்சு நின்றது.

வேடிக்கை என்னவென்றால் காயை இரண்டு பேருமே பறிக்கவில்லை. அடுத்தவள் கூரையில் ஏறினாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று ஆச்சி. அடுத்தவள் கொடியில் கை வைத்தாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று அத்தை. ஆனால் காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆச்சி வேலியோரம் பல் தேய்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். அந்தப் பக்கம் அத்தை பால் செம்போடு நின்று பார்ப்பாள். ஐப்பசி மழை கொட்டியது, மார்கழிப் பனியில் கொடி சருகாகிப் போனது. காய் மட்டும் பச்சை வெளுத்து, வைக்கோல் நிறமாகி, கூரையில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

தை பிறக்குமுன் தொழுவம் மேய வந்த ஆள் அதைக் கீழே இறக்கி, "இது யாருது?" என்று கேட்டான். இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. அவன் குலுக்கிப் பார்த்தான், கலகலவென்றது. எனக்குப் பத்து வயது. அதைக் கட்டிக்கொண்டு வேலிக்கு நடுவில் நின்றேன். "விதையில பாதி எடுத்துக்கிடச் சொல்லுலே" என்றாள் ஆச்சி. மூன்றடி தள்ளி நின்ற அத்தையிடம் நான் போய் அதையே திரும்பச் சொன்னேன். அத்தை சுளகோடு வந்தாள். ஆச்சி அரிவாளால் கழுத்தைச் சீவினாள். உள்ளே காய்ந்த நார், அதற்குள் பல் வரிசை மாதிரி விதை. இரண்டு சுளகிலும் மாற்றி மாற்றிக் கொட்டினார்கள், ஒரு வார்த்தை பேசாமல். ஓடு எனக்கு. அதன் வாயில் தக்கை அடைத்து மெழுகு பூசி, இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கிணற்றில் நீச்சல் பழகினேன். அடுத்த ஆடியில் இரண்டு வீட்டிலும் சுரை ஓடியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

மருந்து கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மருந்து கிடையாது. இருக்கிற சீசாவையெல்லாம் மூடி வையுங்கள். பூவின் அடியில் பிஞ்சு இருக்கிறதென்றால் அது பெண்பூ. கூடுதலாகப் பெண்பூ வரவழைக்கத்தான் 3ஜி கட்டிங். உங்களுக்குத்தான் ஏற்கெனவே வருகிறதே, கொடியை எதற்குக் கொத்துகிறீர்கள்? பெண்பூ இருந்தும் காயாகவில்லை என்றால் மகரந்தம் சேரவில்லை. சுரைப்பூ பூசணி மாதிரி காலைப்பூ இல்லை. பொழுது சாயும்போது விரியும், இரவில் அந்துப்பூச்சி வரும், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பூ துவண்டுவிடும். நீங்கள் காலையில் பூவாளியோடு போய்ப் பார்ப்பது முடிந்துபோன கல்யாணத்தின் பந்தலை. அதுவும் மூன்றாவது மாடியில், நாலு பக்கமும் வலை கட்டி, வேப்ப எண்ணெய் நாறுகிற கொடிக்கு எந்த அந்து வரும்?

அதன் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். சாயங்காலம் ஆறரை வாக்கில் போங்கள். வெறும் நீளக் காம்போடு நிற்பது ஆண்பூ. அதைக் கிள்ளி, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தூளைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். இரண்டும் அன்றைக்கு விரிந்த பூவாக இருக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் சில நாளிலேயே தெரியும், பிஞ்சு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பருக்கத் தொடங்கும். காய் அறுத்ததும் ஒரு துணுக்கை நுனிநாக்கில் தொட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, எத்தனை ஆசையாக வளர்த்திருந்தாலும் காயைக் குப்பையில் போடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரை விட்டவர்கள் நம் நாட்டில் உண்டு.

மாடிக்குப் போக பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். போங்கள் ஐயா. கொசு கடிக்கும், போங்கள்.

பக்கத்து மாடியில் யார் இருக்கிறார்கள், கொடி கைப்பிடிச்சுவரைத் தாண்டிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்.