ரவுல் செய்ஷாஸ்: கேள்வி பதில்

கேள்வி: பாடகர் ரவுல் செய்ஷாஸை ஏன் பிரேசில் ராக் இசையின் தந்தை என்கிறார்கள்? இவருக்கு முன்பே அங்கே ராக் இருந்ததே?

பதில்: இருந்தது. ஆனால் வெளிநாட்டு மெட்டுகளுக்குப் போர்த்துகீசிய வரிகள் போட்டுப் பாடுவதே அதிகம். ரவுல் 1945-இல் பாஹியா மாநிலத்தின் சால்வடோரில் பிறந்தவர். அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி என்றால் உயிர், வடகிழக்கின் அக்கார்டியன் மேதை லூயிஸ் கோன்சாகா என்றாலும் உயிர். 1972-இல் ரியோவில் நடந்த பாட்டுப் போட்டியில் ராக்கையும் கோன்சாகாவின் பையாவோ தாளத்தையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பாடினார். பிரேசில் மண்ணின் வாசம் ராக்குக்கு வந்தது இவரால்தான் என்பேன்.

கேள்வி: எனக்குப் போர்த்துகீசியம் தெரியாது. எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

பதில்: 1973-இல் வந்த 'ஓரு டி டோலு'. முட்டாளின் தங்கம் என்று பொருள். பாடுகிறவனுக்கு வேலை இருக்கிறது, மாதம் நாலாயிரம் குருசேரோ சம்பளம், புது கோர்செல் கார், ரியோவின் வசதியான பகுதியான இபனேமாவில் வீடு. சந்தோஷமாக இருக்க வேண்டியவன்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மிருகக்காட்சிசாலைக்குப் போய்க் குரங்குகளுக்குப் பாப்கார்ன் போடலாம். அவனுக்கோ எல்லாம் சலிப்பாக இருக்கிறது. 'பொருளாதார அதிசயம்' என்று ராணுவ ஆட்சி மார்தட்டிய காலம் அது. ஆட்சியை ஒரு வார்த்தை திட்டாமல், பேசுவதுபோலப் பாடியே அதன் காற்றைப் பிடுங்கிவிட்டார். வரிகளின் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: பாவ்லோ கொயல்யோ இவருக்குப் பாட்டு எழுதினாராமே?

பதில்: ஆமாம், 'ரசவாதி' நாவல் எழுதிய அதே கொயல்யோதான். இருவரும் சேர்ந்து எழுதிய 'கீதா' (1974) பகவத் கீதையிலிருந்து பிறந்த பாட்டு. பத்தாம் அத்தியாயத்தில் 'நட்சத்திரங்களில் நான் சந்திரன்' என்று கண்ணன் அடுக்கிக்கொண்டே போவான் அல்லவா, அதே அடுக்கு இதிலும் வருகிறது. நமக்கு மொழி புரியாவிட்டாலும் அந்த அடுக்கு காதில் விழும். அந்த ஆண்டே ஆட்சியின் நெருக்கடியால் இருவரும் சில காலம் அமெரிக்காவில் இருக்க வேண்டி வந்தது.

கேள்வி: குடிதான் அவரைக் கொன்றதா?

பதில்: பெரும்பங்கு அதற்குத்தான். சர்க்கரை நோய் வேறு. 1989 ஆகஸ்ட் 21 அன்று, கணைய அழற்சியால், சாவோ பாவ்லோவில் இறந்தார். வயது 44. ராக் பாடகர் மார்செலோ நோவாவோடு செய்த கடைசி ஆல்பம் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

கேள்வி: இப்போதும் யாராவது கேட்கிறார்களா?

பதில்: பிரேசிலில் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: 'டோகா ரவுல்!' அதாவது, ரவுல் பாட்டை வாசி! 2013-இல் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சாவோ பாவ்லோ மேடையில் முதல் பாட்டாகவே ரவுல் பாட்டைப் போர்த்துகீசியத்தில் பாடினார். அப்புறம், ஆகஸ்ட் 21 வந்தால் அந்நகரின் தெருக்களில் ரசிகர்கள் ஊர்வலம் போகிறார்கள், ரவுல் மாதிரியே தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக.